பூஜ்யம் வரும் வரை

டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சபை.
கீழே ஆ செங் நட்டு கழற்றும் சத்தத்தில்
பாதி ஜெபம் ஆண்டவருக்கு மட்டும்தான் கேட்கும்.

ஈப்போவிலிருந்து வந்த பிரசங்கியார் கேட்டார்:
"எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?"
கைகள் உயர்ந்தன.
லாசர் அண்ணன் தேதியோடு நேரமும் சொன்னார்,
சம்சுவைச் சாக்கடையில் கவிழ்த்த இரவு, பத்தேகால்.
ரூத்மேரிக்கு ஆஸ்பத்திரிக் கட்டில்,
ஏழாம் வார்டு, ஜன்னல் ஓரம்.
என் முறை வந்தபோது
பாட்டுப் புத்தக அட்டையின் கிழிசலை
ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நாள் முழுக்கத் தேதி அச்சடிக்கிறவள் நான்.
பகாவ் சாலையில் செம்பனை ஆலை வாசலில்
எடைமேடைக் கிராணி, எப்சிபா.
குலைகளோடு ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை,
கழித்தால் வருவதுதான் காசு.
நாள், மணி, நிமிடம் எல்லாம் சீட்டில் விழும்.
எனக்கென்று ஒரு சீட்டுதான் விழவில்லை.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
குணாளன் லாரியின் வெற்று எடையை
முந்நூறு கிலோ குறைத்துத் தட்டினேன்.
ஐம்பது வெள்ளி.
கண்ணாடி இடுக்கில் நாலாக மடித்து வந்தது.
பசி என்று சொல்ல முடியாது.
மோட்டாருக்கு ரோட்டேக்ஸ் கட்ட வேண்டியிருந்தது,
அதுவும் முழுக் காரணமில்லை.
அவன் கேட்டான். என்னால் முடியும் என்று தெரிந்தது.
ஞாயிறன்று அதைக் காணிக்கைப் பையில் போட்டேன்.
பை ஒன்றும் கேட்கவில்லை.
சிவப்பு வெல்வெட்,
அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

நாலு ராத்திரி காற்றாடியைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை என்சிக் ரொஸ்லானிடம் சொன்னேன்.
நோன்பு மாதம். காய்ந்த உதட்டோடு
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
மூன்று நாள் சம்பளம் பிடித்தார்.
கோப்பை மூடும்போது மட்டும்,
"லாயின் காலி ஜாங்ஙான்."
அவ்வளவுதான்.
வானம் திறக்கவில்லை.
ஆலைப் புகை வழக்கம்போல
போலீஸ் குவார்ட்டர்ஸ் பக்கம் சாய்ந்தது.
அன்றைக்கு மீ கோரேங் நன்றாக ருசித்தது,
அதைச் சாட்சி சொல்ல முடியுமா தெரியவில்லை.

அந்த வெள்ளிதான் என் தேதியோ என்று
காலண்டரில் வட்டம் போடப் பேனா எடுத்தேன்.
திங்கட்கிழமையே
அதே இடுக்கில் இன்னொரு தாள்.
தள்ளிவிட்டேன், உண்மைதான்.
ஆனால் தள்ளுவதற்கு முன்
எவ்வளவு என்று என் விரல் தடவிப் பார்த்தது.

பிரசங்கியார் ஐயா,
நீங்கள் ஈப்போ போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.
எனக்குச் சொல்லத் தெரிந்தது இதுதான்:

சர்க்கார் ஆள் வந்து இந்த மேடையைச் சரிபார்த்து
ஈய முத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
அது என் வேலை இல்லை, என்னால் ஆகவும் ஆகாது.
ஆனாலும் விடிகாலையில் வந்து பார்த்தால்
யாரும் ஏறாத மேடை நாற்பது கிலோ காட்டும்.
ராத்திரி மழை. டயர்கள் உதறிய செம்மண்.
நசுங்கிய பழம் நாலைந்து.
முத்திரையும் பொய்யில்லை,
சேறும் பொய்யில்லை.

ஈர்க்குமாறு எடுத்துக்கொண்டு ஏறுகிறேன்.
பெரிய ஜெபம் ஒன்றும் வராது இந்நேரத்துக்கு.
அப்பா, என்று ஒரு வார்த்தை,
அப்புறம் கூட்டுகிற சத்தம்.
வெளிப்பலகையில் சிவப்பு எண்கள்:
நூறு.
எண்பது.
இடுக்கில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டுகிறேன்.
அறுபது.

அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.
மறுபடி கூட்டுகிறேன். தண்ணீர் ஊற்றுகிறேன்.
இரும்பு பளபளக்கிறது. அறுபது.

வாசலில் முதல் லாரி ஹாரன் அடிக்கிறது,
குணாளன்தான், அவசரக்காரன்.
சன்னலில் தலையை நீட்டிச் சிரிக்கிறான்:
"அக்கா, நீங்க இறங்குங்க மொதல்ல!"