எல்லைமேல் போட்ட பழி

எங்கள் வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம்.
பொதட்டூர்பேட்டையில் பாதி வீடு அப்படித்தான்.
முன்கட்டில் நாலு தறி,
பின்கட்டில் அடுப்பு,
நடுவே ஒரு பலகைத் தடுப்பு.
சாப்பிட வா என்பதையும்
சண்டைபோலத்தான் சொல்ல வேண்டும்.
இதில்
நிஹாரிகாவை எத்தனை தரம் கூப்பிட்டேன் என்று
யார் எண்ணியது?

பாலு எடுத்து வாடி என்றால்
நூலோடு வந்து நிற்பாள்.
மலை என்று டீச்சர் சொன்னால்
வலை என்று எழுதியிருப்பாள்.
வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
'ரெண்டு பாஷையில பிள்ளை குழம்புது' என்றார்
முனிரத்தினம், நைட் ஷிஃப்ட் கண்ணோடு.
நகரி பஸ் வந்து திரும்புகிற ஊரில் பிறந்தால்
நாக்கு கொஞ்சம் புரளாதா என்று
நானும் சிரித்தேன்.
ஆந்திரா பக்கத்திலேயே இருந்தது,
பழி போட வசதியாக.

யார் பேசினாலும்
முகத்தை ஒருபக்கம் திருப்பி
வலக்காதை முன்னே நீட்டுவாள்.
எல்லா போட்டோவிலும் அதே சாய்வு.
அழகாயிருக்கிறதென்று ஒன்றைப் பெரிதாக்கி
சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தோம்.

பள்ளிக்கு வேன் வந்த அன்று
எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள்,
நாக்கை நீட்டச் சொன்னார்கள், பல்லை எண்ணினார்கள்.
நர்ஸ் தபிதா மட்டும்
நோட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு
'உன் பேர் என்ன?' என்று மெல்லக் கேட்டாராம்.
இவள்
அந்த நோட்டின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

தறியை நிறுத்திவிட்டு ஓடினேன், கோபத்தோடுதான்.
'என் பிள்ளைக்கு ஒரு நோவும் கிடையாது,
ஜுரம்கூட வந்ததில்லை.'
'வலிச்சா நீங்களே தூக்கிட்டு வருவீங்கக்கா,
வலிக்காததுக்குத்தான் நாங்க வரோம்.'

போன வருசமும் வந்ததாம் இந்த வேன்.
அன்றைக்கு நாங்கள் புத்தூரில்,
கொழுந்தனார் மச்சினி கல்யாணத்தில்.
பிள்ளைக்கு ஜரிகைப் பாவாடை.
மேளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்,
நகரவே மாட்டேனென்று.

பாவில் ஓர் இழை அறுந்தால் எனக்குத் தெரியும்.
நாலாயிரம் இழையில் ஒன்று.
தூங்கி எழுந்த கண்ணுக்கும் தெரியும்.
பார்க்காமல் விட்டால்
முழம் முழமாய் ஓடிவிடும் அந்தக் கோடு,
சேட்டு வெளிச்சத்தில் விரித்துக் காட்டி
கூலியில் பிடிப்பார்.
தினம் ரெண்டு தரம் எண்ணெய் விடுகிறேன் இந்த இரும்புக்கு.

திருத்தணி ஆஸ்பத்திரியில்
தலைக்குப் பெரிய ஹெட்ஃபோன்.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்து என்றார்கள்.
அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.
அம்மா, நீங்க சுவர்ப்பக்கம் திரும்பிக்கோங்க.
திரும்பினேன்.
சுவரில் ஏதோ விளம்பரம்.
எனக்கு ஓரெழுத்தும் ஏறவில்லை.
பொத்தான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.
வெகுநேரம்.

ரெண்டு காதிலும் நீர், இடதில் அதிகம்.
மூணு மாசம் பார்ப்போம் என்றார்கள்.
வடியவில்லை.
பிறகு ஒரு குழாய் வைத்தார்கள்,
நெல்மணியைவிடச் சின்னது.
ஆறு மாசத்துக்கு ஒருதரம் காட்ட வேண்டும்.
காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டவர்
முனிரத்தினம்தான்.
பெரியவன் தருணுக்கும் சேர்த்துப் போட்டார்.
அவனுக்கு ஒன்றுமில்லை.
இருந்தாலும் என்றார்.

வீட்டு வாசலில் காலை வைத்ததும்
ரெண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.
'தறி இவ்ளோ கத்துமா?'

அன்று ராத்திரி கரண்ட் போனது.
நாலு தறியும் நின்றது.
தெருவே நின்றது.
இருட்டில் அவள் முதுகுப் பக்கம் போய் நின்று
நான் பேசியே பழகாத ஒரு குரலில்
நிஹா என்றேன்.

சட்டென்று திரும்பினாள்.
கையால் துழாவி
என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
'ஏன் இப்படி மெதுவாப் பேசுறே,
உடம்பு சரியில்லையாம்மா?'