செவ்வாய், இரண்டு மணி

கடிதம் என் பேருக்குத்தான் வந்தது.
ஒப்பந்தம் என் பேரில், கையெழுத்து என்னுடையது,
பதினொரு வருடமாய்க் கெடு தவறாமல் கட்டுகிறவள் நான்.

"அன்புள்ள ஸிர்கா,
ஐந்து வாரங்களாக உங்கள் வீட்டின்
பகல்நேரப் பயன்பாடு கூடியிருக்கிறது.
பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கென்றே
புதிய கட்டணத் திட்டம் ஒன்று..."

பகலில் வீட்டில் இருப்பவர் யார்?

நான் ஆறேகாலுக்குப் பேருந்து ஏறிவிடுவேன்.
பள்ளிச் சமையற்கூடம், நானூறு தட்டு.
ராய்மோ எனக்கும் முன்னே புறப்படுகிறவன்,
காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு,
சாப்பாட்டு டப்பாவோடு, பலகை ஆலைக்கு.
குவோப்பியோவில் நவம்பர்.
இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறோம்.
வீடு பகலை எப்படிக் கழிக்கிறதென்று
யார் கண்டது?

மீட்டர் கண்டிருக்கிறது.

கைபேசியில் திறந்தேன்.
கால்மணிக்கு ஒரு கோடு.
ஒன்பது பத்துக்குச் சின்ன மேடு: காபி.
அப்புறம் நெடுநேரம் தரை.
பதினொன்றரைக்கு இன்னொரு மேடு:
நான் கட்டிக்கொடுத்த முட்டைக்கோஸ் பதார்த்தம்
என் சமையலறையிலேயே சூடாகியிருக்கிறது.
செவ்வாய் இரண்டு மணிக்கு
கோபுரம்.

ஆறு கிலோவாட்டை ஒரே மூச்சில் விழுங்க
எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு, சவுனா அடுப்பு.
அது சனிக்கிழமைக்கானது.
இருவரும் பேசாமல் வியர்ப்பதற்கானது.
ஐந்து செவ்வாய். ஐந்து கோபுரம்.

முதலில் என்ன நினைத்தேன் என்று
சொல்ல வெட்கமாயிருக்கிறது.
துண்டுகளை ஒவ்வொன்றாய் மோந்து பார்த்தேன்.
தார் சோப்பு. ராய்மோ.
வேறு யாரும் இல்லை.

பேருந்தில் டூலிக்கி கேட்டாள்,
"ஆலையில் மூன்றாவது பிரிவையே எடுத்துவிட்டார்களாமே,
உன் வீட்டுக்காரர் தப்பித்தாரா?"
"ம்" என்றேன்.
ஜன்னலில் என் முகம் தெரிந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அவன் மறைத்தது எனக்கு வலிக்கவில்லை,
அல்லது வலித்தது அப்புறம்தான்.
முதலில் வந்தது பொறாமை.
வேலை போன மனுஷன்
எட்டரை வரை எங்கோ காரில் உட்கார்ந்திருந்துவிட்டு
நான் போன வீட்டுக்குள் நுழைவது
எனக்குத் தெரியும் முன்னே தெரிந்திருக்கிறது,
விலைப்பட்டியலோடு ஆறுதல் சொல்ல வந்த
ஒரு கம்பெனிக்கு.

சுவருக்குக் காதுண்டு என்பது பழைய பேச்சு.
எங்கள் சுவரில் இருப்பதற்குக் காது வேண்டாம்.
அது எண்ணுகிறது.
சிவப்புப் புள்ளி சிமிட்டுகிறது, சிமிட்டுகிறது.
அழுகைக்கு எத்தனை வாட்?
விளக்கைப் போடாமல் அழுதால் கணக்கில் வராது.
ஐந்து வாரம் அவன் விளக்கு போட்டானா என்று
கோட்டைப் பெரிதாக்கித் தேடினேன்.
தேடிய விரலைப் பார்த்தேன்.
கம்பெனியின் விரல் இப்படித்தான் இருக்கும்.

அடுத்த செவ்வாய் காலை
சவுனா பலகையில்
ஒன்றுக்குப் பதில் இரண்டு துண்டு மடித்து வைத்தேன்.
ஒரு சொல் எழுதவில்லை.

இரண்டு மணிக்குச் சமையற்கூடத்தில்
கை கழுவித் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.
கோடு தரையில் கிடந்தது.
மூன்று மணி, தரை.
நாலு, தரை.
பயந்துபோனேன்.
பேருந்து அன்று எல்லா நிறுத்தத்திலும் நின்றது.

கதவைத் திறந்தபோது அடுப்பு கனன்றுகொண்டிருந்தது.
துண்டு இடுப்பில், வாளியில் தண்ணீர்,
ராய்மோ மேல்பலகையில் எனக்கு இடம் விட்டிருந்தான்.
கல்லில் நீர் ஊற்றினான். ஆவி எழுந்தது.
முகம் தெரியாமல் போன அந்த நேரத்தில் பேசினான்.
என்ன பேசினான் என்பது
எந்தக் கோட்டிலும் இல்லை,
இங்கேயும் எழுதமாட்டேன்.

மறுநாள் கம்பெனியிடமிருந்து குறிப்பு:
"நேற்று மாலை ஆறு மணி, விலை உச்சம்.
சவுனாவைப் பிற்பகல் இரண்டுக்கு மாற்றினால்
மூன்று யூரோ எழுபது சென்ட் மிச்சம்."

ராய்மோ உரக்கப் படித்தான்.
ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு,
மூக்கால் மட்டும்.
பிறகு கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்:
"நீ எப்போதிலிருந்து பார்க்கிறாய்?"

எழுந்து காபி போடப் போனேன்.
அந்த மேடும் இருக்கும், ஏழு நாற்பதுக்கு.