சாக்பீஸில் வரைந்த வெயில்

முதலில் ஒன்றுதான்.
ஏற்காடு போய்வந்த நாத்தனார்
பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது.
இப்போது அறுபத்து மூன்று.
"அறுபத்து மூவரும் வந்தாச்சு,
பிராகாரம்தான் போதலை" என்கிறார் அமிர்தகடேசன்,
வாண்டாவின் தொங்கும் வேர் நெற்றியில் உரச
குனிந்து பல் துலக்கியபடி.

மாயவரத்தில் எங்கள் தெரு வீடுகள்
கோத்துவிட்ட ரயில்பெட்டிகள்.
அகலம் பதினான்கடி, நீளம் கொல்லைவரை.
பக்கச்சுவர் இரண்டும் பொது,
ஜன்னல் வைக்க வழியில்லை.
இரண்டு கிலோமீட்டர் தாண்டிப் போனால்
குறுவைப் பயிரின்மேல்
ஒரு மரமும் குறுக்கிடாமல்
கொட்டிக் கிடக்கிறது வெயில்,
அளப்பாரில்லாமல்.

எனக்கு அதில் பாதி போதும்.
பச்சை வலை வழியே
சலித்த மாவுபோல இறங்கவேண்டும்.
கூடினால் இலை வெந்து மஞ்சளாகும்.
குறைந்தால் கரும்பச்சையாய்க் கொழுத்து
பூக்க மறந்துவிடும்.

மின்வாரியத்தில் வேலை எனக்கு.
ஊரார் வீட்டு வெளிச்சத்தை
யூனிட் யூனிட்டாகக் கூட்டிவிட்டு வந்தால்
மொட்டைமாடியில் காத்திருக்கிறது சொந்தக் கணக்கு.
ஞாயிறுதோறும், மணிக்கொருமுறை,
வெயிலின் ஓரத்தைச் சாக்பீஸால் கோடிழுத்து
எட்டு, ஒன்பது, பத்து என்று எழுதுவேன்.
துணி உலர்த்த வரும் மகள்
பாண்டி ஆடுவதுபோலத் தாண்டிப் போவாள்.
கொடிக்கம்பியில் ஒன்பது,
மாடிப்படியில் படிக்கொன்று,
தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஃபெலனாப்சிஸ்கள்,
குளியலறை வென்டிலேட்டரில்
யாருக்கும் தெரியாமல் இரண்டு.
வடக்குக் கைப்பிடிச் சுவரோரம் பதினொரு டெண்ட்ரோபியம்.

ஆனி மாதம்
வடக்கு வீட்டுக் கமருன்னிசா
மகன் கல்யாணத்துக்கென்று மேலே ஓர் அறை எழுப்பினார்.
பத்தடிச் சுவர்.
உச்சிவேளையில் இரண்டடி நிழல்,
காலையும் மாலையும் அதற்கு மேலேயே.
பதினொன்றும் அதற்குள்.
கத்தினேன். மேஸ்திரி
கரண்டியை நிறுத்தாமல் கேட்டார்:
"வெயிலுக்கெல்லாம் பட்டா இருக்காம்மா?"
அப்புறம் ஐந்து மாதம்
இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.
தொட்டிகளை இங்கே நகர்த்தினால் அங்கே நிழல்,
அங்கே நகர்த்தினால் நடக்க இடமில்லை.
பழைய இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் கோடுகள் கரைந்தன.
கார்த்திகைக் கடைசியில் வானம் வெளுத்து
மறுபடி வரையப் போனேன்.
மதியம் மூன்று மணி.
கோட்டுக்கு வெளியே வெளிச்சம்.
வடக்கிலிருந்து. சூரியன் வராத திசையிலிருந்து.
தெற்கே சரிந்த வெயிலை
அந்தச் சுவர் முழுசாக வாங்கி,
புதிதாய் அடித்த வெள்ளை பிரைமரில்
ஆறவைத்துத் திருப்பிக்கொண்டிருந்தது.
நான்கு வருடம் பூக்காத செடியில்,
இலை உதிர்ந்த தண்டின் கணுவில்,
அரிசிமணி அளவு பச்சை.

மறுவாரம் பெயின்டர் வந்தார்.
கத்தரிப்பூ நிறமாம்,
மருமகளுக்குப் பிடிக்குமாம்.
செருப்பைப் போடாமலே இறங்கி
அவர்கள் படியேறினேன்.
மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.
கமருன்னிசா முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டார்:
"நீங்க சண்டை போட்டது
இதே சுவத்தோடதானே?"

பதிலில்லை என்னிடம்.

"வெள்ளையே அடிக்கச் சொல்றேன்.
ரூம் ஜன்னலுக்கு ஒண்ணு குடுங்க,
பூத்ததா."

எதைக் கொடுப்பதென்று
இரண்டு ராத்திரி புரண்டேன்.
மஞ்சள் ஆன்சிடியம் போயிற்று.
சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல
தண்ணீர் ஊற்றும் நேரம் சொல்லிவிட்டு வந்தேன்.
கொடிக்கம்பியில் ஒரு கொக்கி
காலியாக ஆடியது.

அறுபத்து இரண்டு.

அன்றிரவே கலிம்போங் நர்சரிக்குப் பணம் கட்டினேன்,
இரண்டு செடிக்கு.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
கலைகள் அறுபத்து நான்குதானே என்று.