கீழே ஓடிய எழுத்து

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடினால்
எங்களுக்கு அது செய்தி.
மாடி ஜன்னலில் கேமராவைத் திருப்பிவைத்து
அரை மணி நேரம் அதையே காட்டுவோம்.
கேட்டில் நிற்பவரின் முதுகை
வீட்டிலிருந்து பார்த்துவிட்டு
தோசைக்கல்லை அணைப்பார்கள்.

மூணாறு விஷன். ஆறாவது பட்டன்.
ஒயர் இழுப்பதும் அமிர்தகடேசன்,
மாதம் அறுபது ரூபாய்க்கு வாசலில் நிற்பதும்
கும்பாபிஷேகத்துக்கும் சந்தனக்கூடுக்கும்
கேமரா தூக்குவதும் அவர்தான்.
ஏழு மணிச் செய்தி ரெஜினா டீச்சர்.
ஒருநாள் பச்சைத் திரைக்கு முன்னால்
பச்சைப் புடவையில் வந்து உட்கார்ந்து
வெறும் தலையும் இரண்டு கையுமாக
உரத் தட்டுப்பாட்டை வாசித்தார்.
நான், கீழே ஓடும் எழுத்து.
தட்டச்சு லோயர், சம்பளம் எண்ணூறு.

வரிக்கு ஐந்து ரூபாய்.
பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு,
நெற்றியில் வெள்ளைச் சுழியுள்ள செவலைக் கன்று காணவில்லை.
மேட்டூர் திறந்தாச்சு என்று அடித்த அன்று
போனை எடுத்துக் கீழே வைத்தேன், தாங்கவில்லை.
கல்லணை தாண்டிருச்சா,
தலைப்புக்கு எப்ப வரும்?
எனக்கு எங்கே தெரியும்.
வெள்ளிக்கிழமை என்று சொல்லிவைத்தேன்.
வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.
கொஞ்ச நாள் பொதுப்பணித்துறையை விட
என்னை நம்பினார்கள்.

ஒரத்தூர் பக்கிரிசாமி இறந்ததும்
ஒளிமதி பக்கிரிசாமிக்கு அறுபது முடிந்ததும்
ஒரே நாள்.
இரண்டு போட்டோவும் ஸ்கேனர் மேல் கிடந்தன.
ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை
ஒளிமதிக்காரர் கண்ணீர் அஞ்சலியில் சிரித்துக்கொண்டிருந்தார்.
செத்தவரை
நூறாண்டு வாழச் சொன்னார்கள் பேரப்பிள்ளைகள்.

இழவு வீட்டில் டிவியை மூடியிருப்பார்கள்,
யாரும் வரவில்லை.
ஒளிமதிக்காரர் வந்தார்.
சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்ட சத்தத்திலேயே
அமிர்தகடேசன் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.
"நான் செத்துட்டேன்னு போட்டியாமே பாப்பா."
மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
நின்றபடியே மூன்று சுற்று பார்த்தார்.
"இனிஷியல விட்டுட்டியே."
அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து
"ராத்திரி இன்னொரு தடவ போடேன்.
அவ களையெடுக்கப் போயிட்டா, பாக்கல."

போடவில்லை. பயம்.
எழுந்தவர் இடுப்பு பெல்டிலிருந்து
அம்பது ரூபாயை எடுத்து
கீபோர்டு மேல் வைத்தார்.
"நிசமா போறப்ப ஒழுங்காப் போடு.
மு. பக்கிரிசாமி.
முனாவுக்கு அப்பறம் புள்ளி."
ரசீது கிழிக்கட்டுமா என்றேன்,
வேறென்ன கேட்பதென்று தெரியாமல்.

செட்டாப் பாக்ஸ் வந்தது.
ஆறாவது பட்டனில் யாரோ நகை விற்கிறார்கள்.
டீச்சர் மகனோடு திருச்சியில்.
அமிர்தகடேசன் டிஷ்ஷைக் கவிழ்த்து
மிளகாய் காயவைத்திருக்கிறார்.

போன ஐப்பசி. அடைமழை.
கேட்டில் நின்ற பஸ்ஸில்
முன்சீட்டுக்காரர் கண்டக்டரிடம் சொன்னார்:
ஒளிமதி பக்கிரிசாமி தவறிட்டாராம், காலையில.
எந்தப் பக்கிரிசாமி?
பின்சீட்டிலிருந்து ஒரு குரல்:
"டிவியில செத்தாரே, அவரா?"
"ஆமா. அவருதான்."

அம்பது ரூபாய்க்குப் பத்து வரி.
ஷட்டரைத் தூக்கினேன். மடியெல்லாம் சாரல்.
மன்னார்குடிப் பக்கமிருந்து கூட்ஸ் வண்டி
வலமிருந்து இடமாக
ஓடிக்கொண்டிருந்தது,
அதே வேகத்தில்.
முதல் பெட்டி மு.
அடுத்ததைப்
புள்ளிக்கு விட்டேன்.