மூடுபனியைக் கழித்த பின்

கொய்யாய்கேயில் ஜூன் மாதம்
மணி ஒன்பதாகியும் விளக்கை அணைக்க மனம் வராது.
அதற்குள் ஹெர்மிண்டா இரண்டு முறை அழைத்துவிட்டாள்.
"இருநூற்றுப் பதினான்கு."
வணக்கம்கூட இல்லை.

அவள் சன்னலில் தொங்குவது உள்ளங்கை அகலப் பெட்டி.
ஒரு ஜோடி பூட்ஸின் விலை.
உள்ளே பொத்தான் அளவு விசிறி, சிவப்புக் கதிர்,
கதிரில் இடறுவதை எண்ண ஒரு கண்.
எண்ணத் தெரியும், எடைபோடத் தெரியாது.
புகையா பனித்துளியா என்று விசாரிக்கவும் தெரியாது.
இடறினால் ஒன்று.

என் பொறுப்பில் இருப்பதோ
கம்பிவேலி, பூட்டு, ஹீட்டர் வைத்த அறை,
மணிக்கொரு முறை நாடாவில்
கறுப்புப் பொட்டு வைக்கும் இயந்திரம்.
அதன் விலைக்கு இங்கே ஒரு வீடு வாங்கலாம்.
காற்றைச் சூடாக்கி, ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் உள்ளே விடும்,
கால் துடைக்காமல் யாரையும் சேர்க்காத
வீட்டுக்காரியைப் போல.
அன்று அது சொன்னது அறுபத்தெட்டு.

"மூடுபனி, சென்யோரா. ஆற்றிலிருந்து ஏறியது.
உங்கள் பெட்டி அதையும் எண்ணுகிறது."
"என் நெஞ்சும் எண்ணுகிறதே" என்றாள்.

என் கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

பக்கத்து வீட்டு நிபால்டோமேல் அவளுக்குச் சந்தேகம்.
வெட்டி ஒரு மாதம்கூட ஆகாத லெங்கா விறகை எரிக்கிறானாம்.
நோட்டில் தேதி, மணி, எண்,
ஓரத்தில் அவனைப் பற்றி ஒரு சொல்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

பெட்டியை வாங்கிவந்து
என் இயந்திரத்தின் மூக்கருகே கட்டினேன்.
நாற்பது நாள்.

உலர்ந்த நாட்களில் இரண்டும்
ஒரு நுகத்து மாடுகளாய் நடந்தன.
ஈரம் தொண்ணூறைத் தாண்டினால்
சின்னது மூன்று மடங்கு கத்தும்.
உறைபனி இறுகிய இரவில் விசிறி திக்கும்.
ஒருமுறை சிலந்தி குடியேறி
இரண்டு நாள் ஊரே எரிவதாகச் சொன்னது.

பொய்தான்.
ஆனால் பழகிவிட்டால் அளவு தெரிகிற பொய்.
வண்டிக்கு மூன்று கட்டை குறைப்பவன் என்று
தெரிந்த பின் அந்த விறகுக்காரனிடமே வாங்கலாம்,
மூன்றைச் சேர்த்துக் கேட்டால் போதும்.
சிலந்திக்கு மட்டும் சூத்திரம் கிடையாது.
அதற்குத் துடைப்பம்.

பிறகு ஜூலை ஒன்பது.
என் இயந்திரத்தில் நாடா தீர்ந்தது.
புதுச் சுருள் பனி மூடிய சாலையில்
எங்கோ ஒரு லாரிக்குள் கிடந்தது.
மூன்று இரவு, ஒரு துளிக் காற்றில்லை,
புகை கூரைகளின் மேல் படுத்துவிட்டது.
வீட்டின் விலை உள்ளது கண்மூடி நின்றது.
பூட்ஸின் விலை உள்ளது
திக்கித் திக்கி எண்ணிக்கொண்டிருந்தது.

ஈரத்தைக் கழித்துப் பார்த்தேன்: நூற்றுத் தொண்ணூறு.

அறிக்கையில் அந்த மூன்று இரவுகளுக்கு
வெற்றுக் கட்டங்கள்.
வெற்றுக் கட்டம் சராசரியில் சேராது.
அதனால் அந்த ஜூலை
தாளில் நல்ல மாதம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
மேலதிகாரி அழிக்கவில்லை, மையால் எழுதவும் விடவில்லை.

ஆகஸ்டில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்,
கழித்தல் கணக்கை ஒரு தாளில் எழுதி.
மாத்தே ஊற்றினாள். சன்னலில் மாட்டினோம்.
ஏழு மணிக்கு எண் துள்ளி ஏறியது.
"பார்த்தாயா!" என்று திரும்பினாள்.

நிபால்டோவின் புகைபோக்கி
பனித்தொப்பியுடன் நின்றது.
இடுப்பு எலும்பு முறிந்து
மூன்று வாரமாக மருத்துவமனையில் கிடக்கிறான்.

ஹெர்மிண்டா அண்ணாந்து
தன் சன்னலுக்கு மேலே பார்த்தாள்.
பிறகு உள்ளே போய்
அடுப்பின் காற்றுக் கதவை முழுதும் திறக்கும் சத்தம்.
என்னிடம் எதுவும் சொல்லவில்லை.
நானும் மாத்தேயை உறிஞ்சி முடித்தேன்.

மறுநாள் அழைத்தாள்.
"நூற்றுப் பத்து.
மூடுபனியைக் கழித்துவிட்டேன்."
சற்று நிறுத்தினாள்.
"என்னுடையதைக் கழிக்கவில்லை."