முன்பக்கம், இடது

எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால்.
எவன் யோசித்தானோ.
சூடு பிறக்கிற இடத்துக்கும் ஆறுகிற இடத்துக்கும் நடுவே
வண்டியின் முழு நீளத்துக்கு
அடிவயிற்றில் இரண்டு இரும்புக் குழாய்கள்.
ஒன்று கொண்டுபோகும், ஒன்று கொண்டுவரும்.

எண்பத்திரண்டாம் வருட ஸ்கோடா. கடுகு மஞ்சள்.
நாற்பது குளிர்காலமாக ஒஸ்த்ராவா சாலையில்
பனி கரையக் கொட்டிய உப்பையெல்லாம்
அந்தக் குழாய்கள்தான் தின்றன.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
இவை குடித்ததைக் கக்கின.
பிப்ரவரியில் ஒருநாள்
கராஜ் தரையில் பச்சையாய் ஒரு குட்டை.
விரலால் தொட்டு முகர்ந்தேன்.
இனிப்பு வாடை.

விவாகரத்தில் எல்லாம் பிரிந்தது, இந்த வண்டி தவிர.
கராஜ் என் பெயரில்,
பதிவுப் புத்தகம் க்வெட்டோஸ்லாவ் பெயரில்.
சனிக்கிழமை வாங்க வருகிறாள்,
எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போலந்துக்காரி, போக்னா.
"ஒழுகுகிறது" என்று போன் செய்தேன்.
வியாழன் சாயங்காலம் வந்தான்,
புது மனைவி பின்னிய தொப்பியோடு.

இந்தக் குழாயை இப்போது யாரும் செய்வதில்லை.
ஓபவாவில் லாரி சாமான் கடையில்
மீட்டர் கணக்கில் ரப்பர் ஹோஸ் வாங்கி வைத்திருந்தேன்,
உள்ளே நூல் பின்னியது.
ஏழாம் நம்பர் கராஜ் ச்திபோர் எட்டிப் பார்த்தார்.
"இது அசல் இல்லையே.
கண்காட்சியில் மார்க் குறைப்பார்கள்."
அவருடைய வண்டி மூன்று வருடமாக
அசலாகவே நிற்கிறது,
நகராமல்.

போல்ட்டுகள் தலை முறிந்து கையோடு வந்தன.
குழாயை இறக்கியதும்
அவன் ஒரு முனையில் வாய் வைத்து ஏதோ சொன்னான்.
மறுமுனையில் என் காது.
துரு கொட்டியது. வார்த்தை வரவில்லை.
நடுவில் அத்தனை ஓட்டை.
என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை,
அவனும் திருப்பிச் சொல்லவில்லை.
காதைக் குடைந்துகொண்டே ஹோஸை அளந்தேன்.

இரும்பு, வளைத்த இடத்தில் மட்டும் வளைந்திருக்கும்.
ரப்பர் தொங்கும், சோம்பும்,
தன் இஷ்டத்துக்குப் படுக்கும்.
ஹேண்ட்பிரேக் கேபிளோடு உரசப் பார்த்தது;
சாணுக்கு ஒரு பட்டி போட்டுக் கட்டினோம்.
திரும்பி வருகிற ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிப்போகும் என்று
உள்ளே ஒரு ஸ்பிரிங்கைச் சொருகினான்.
எனக்கு அது தோன்றவில்லை, சொல்லிவிடுகிறேன்.
முன்பக்கத்துக் கிளிப்புகளை அவன் முடுக்கினான்,
பின்பக்கத்தை நான்.

கூலன்ட் ஊற்றியதும் காற்று மாட்டிக்கொண்டது.
மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து,
எஞ்சினை ஓடவிட்டோம்.
முள் சிவப்பை நோக்கி ஏறுகிறது,
முன்னால் ரேடியேட்டரோ பனிக்கட்டி.
"அமுக்கு" என்றான்.
வண்டிக்கடியில் மல்லாந்து ஹோஸை அமுக்கினேன்.
இரும்பை யார் எப்போது அமுக்கியிருக்கிறார்கள்?
பிடிக்குள்ளே ஒரு குமிழி
கெண்டைமீன் மாதிரி துள்ளிப் போயிற்று.
நான் விட, அவன் அமுக்கினான்.
அவன் விட, நான்.
பேச்சே இல்லை, ரப்பர் வழியாகத்தான் முறை தெரிந்தது.
பதினொன்றரை மணிக்கு
முன்பக்கத்திலிருந்து ஒரு கத்தல்: "சூடு!"

பதினெட்டு வருடத்தில்
என்னிடமிருந்து கிளம்பிய ஒன்று
தன்னிடம் வந்து சேர்ந்ததாக
அவன் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

போக்னா குனிந்து அடியில் பார்த்தாள்.
ஹோஸா, சரி, என்றாள்.
பணத்தை இரண்டு கவரில் போடச் சொன்னோம்.
பழைய குழாயை எடைக்குப் போட்டதில்
ஒரு காபிக்குக்கூடக் காணாது.

ஞாயிறு மதியம் செய்தி:
"இருநூறு கிலோமீட்டர். முள் அசையவே இல்லை.
ஒரே ஒரு கிளிப் மட்டும் கசிகிறது."
எது என்று கேட்டேன்.
"முன்பக்கம், இடது."

ஒரு எழுத்தும் சேர்க்காமல்
அப்படியே அவனுக்கு அனுப்பிவைத்தேன்.
உடனே பதில் வந்தது:
"நீ ஹோஸைக் குட்டையாக வெட்டினாய்."