இரண்டு சிவப்பு, ஒரு நீலம்

முகவரி என்ற கட்டத்தில் போன வருடம்
ராஸ் அல் கைமா படகுத்துறை, பி முப்பத்தொன்று
என்று எழுதினேன்.
பள்ளி எழுத்தர், கண்ணூர்க்காரர்,
கட்டடத்தின் பெயர் கேட்டார்.
படகின் பெயரைச் சொன்னேன்.
எத்தனையாவது மாடி?
"தண்ணிக்கு ரெண்டடி மேல" என்றான் அமலன்.
அவர் சிரிக்கவில்லை,
தரைத்தளம் என்று நிரப்பிக்கொண்டார்.

இப்போது டிசம்பர் விடுமுறை.
கசாபுக்குக் கிழக்கே
மலை பிளந்து கடலை உள்ளே விட்ட ஓர் இடுக்கில்
நங்கூரமிட்டுக் கிடக்கிறோம்.
மரம் என்று ஒன்றில்லை.
வறுத்த மல்லியின் நிறத்தில் பாறை,
அதில் நிற்க இடமே இல்லாத இடத்தில் ஓர் ஆடு.
சமைக்கும்போது அது அடுப்புக்கு மேலுள்ள வட்டச் சன்னலில் தெரிகிறது.
பாத்திரம் கழுவுகையில் எதிர்ச் சன்னலுக்கு வந்துவிடுகிறது.
ஆடு நகர்வதில்லை.

கிளமென்ட் மணப்பாட்டுக்காரர்.
காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருப்பார்,
ஷமாலைக்கூட வாடைக்கும் கச்சானுக்கும்
நடுவில் எங்கோ உட்கார வைத்துவிட்டார்.
நான் கரூர்.
எனக்குத் தெரிந்தது ஆடிக்காற்று.
அது வந்தால் கொடித்துணியை எடுக்க வேண்டும்.
இங்கும் அதையேதான் செய்கிறேன்,
பக்கக் கம்பியிலிருந்து பள்ளிச் சட்டைகளை உருவி,
கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு.

இட்லி மாவு எஞ்சின் பெட்டிமேல் புளிக்கிறது.
இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓடினால் நல்ல மாவு.
நாள் முழுதும் பாய் விரித்தே வந்தால்
அன்றைக்கு தோசைதான்.
அவருக்கு டீசல் மிச்சம், எனக்குப் புளிப்பு குறைவு.
இதற்காக நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம்.

நங்கூரச் சங்கிலிக்கு அளவு வைத்தது ரீனு.
பத்து மீட்டருக்கு ஒரு சிவப்பு,
இடையில் ஐந்துக்கு நீலம்.
எல்லாம் என் நகப்பூச்சு.
நேற்று மாலை இரண்டு சிவப்பு, ஒரு நீலம் விட்டோம்.
போதும் என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லாததை அவர் கேட்டார்.

மூன்று மணிக்கு அலாரம்.
மலை அதன் இடத்தில் இல்லை.
காற்று முழுக்க மணல்,
பதினாறாம் சேனலில் யாரோ ஒரு பிலிப்பைன்ஸ் குரல்
யாரோ ஒரு கப்பலிடம் வழி கேட்கிறது.
மலைக்கு அந்தப் பக்கம்
உலகத்தின் பெட்ரோல் வரிசையில் போய்க்கொண்டிருக்க,
இந்தப் பக்கம் நான் நைட்டியோடு சுக்கான் பிடிக்கிறேன்.
நீந்தத் தெரியாதவள்
பாறையை நோக்கி ஓட்டக் கூடாது என்பது மட்டும் தெரியும்.

"எத்தனை?" என்று கத்துகிறார்.
முனையில் டார்ச்சோடு ரீனு.
"மூணு சிவப்பு... நீலம்... நாலு!"
நாலாவது உண்மையில் ரோஸ்,
சிவப்பு பாட்டில் தீர்ந்துபோயிருந்தது.
அமலன் தூங்கினான்.
அவன் எல்லாவற்றிலும் தூங்குவான்.

விடிந்து இழுத்தபோது
நங்கூரத்தில் மாட்டி வந்தது ஒரு மீன்பொறி,
குடைபோல வளைந்த கம்பிவலை, ஒரு பக்கம் கிழிந்து.
"எங்க பக்கம் இதைக் கூடுன்னு சொல்லுவோம்"
என்றார் கிளமென்ட், மன்னிப்புக் கேட்கும் குரலில்,
யாரிடம் என்று தெரியவில்லை.
உள்ளே இரண்டு மீன் இன்னும் வாய் அசைத்தன.

உரியவர் வந்தார், சின்ன ஃபைபர் படகில்.
கிழிசலை விரலால் அளந்தார்.
பத்து ரியால் என்றார். எங்களிடம் திர்ஹம்தான்.
எண்ணிக் கொடுக்கும்போது, சும்மா,
இந்தியில் கேட்டார், வீடு எங்கே?

மணப்பாடு என்றார் இவர்.
கரூர் என்றேன் அதே நேரத்தில்.
அமலன் தெற்கே கை காட்டினான்.
ரீனு பதில் சொல்லவில்லை,
சங்கிலியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.
பூச்சு எங்கெங்கே உரிந்திருக்கிறது என்று.

அவர் நாலு பேரையும் பார்த்தார்.
ஒரு மீனை எடுத்துக்கொண்டு
மற்றதை எங்கள் தளத்தில் போட்டுவிட்டுப் போனார்.

சட்டைகள் இன்னும் காயவில்லை.
ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப வேண்டும்.
கசாபில் நகப்பூச்சு கிடைக்குமா என்று
யாரிடம் கேட்பது.